மஞ்சள் கொடி குத்திய அக்கா

அக்கா என்னைவிட மூன்று வயது இளையவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் நரைத்த தலையோடு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வீர்கள். எங்கள் வேலைக் குழுவில் மொத்தம் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் அவரை அக்கா என்று கூப்பிட, எங்களை ஏற்றிச்செல்லும் வானை ஓட்டிய வியட்நாம்காரர் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துத் தானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிய நான் மட்டும் தனியாக நிற்க முடியுமா? நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

மெல்பேர்ணின் வடக்கே கிரெய்கிபர்னில் புது வீடுகள் வரிசையாக வந்து ஒரு கம்பி வேலியில் முட்டி நிற்கும். வேலிக்கு அப்பால் கருங்கல்லும் புல்லும்தான். எங்கள் ஆட்களுக்குக் காட்டினால், "சும்மா கிடக்கிற தரவைதானே" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது சட்டம் போட்டுக் காக்கிற புல்வெளி. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் பரந்து கிடந்ததில் மிஞ்சிய துண்டு. கோடையில் செம்பு நிறமாகும் கங்காருப் புல், வாயே இல்லாமல் பிறந்து சில நாட்கள் பறந்துவிட்டுச் சாகும் ஒரு பூச்சி, கல்லுக்கடியில் பல்லிகள், மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் வல்லூறு. அதற்கும் மேலே விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். வெளிநாட்டுப் புல்லையும் முட்செடியையும் அழித்து இந்த நாட்டுப் புல்லைக் காப்பது எங்கள் வேலை. கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "புல்லுக்குள்ள புல்லுப் பிடுங்குறன்" என்பேன். கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்.

குழுவுக்குத் தலைவர் அக்கா. இடுப்பில் ஒரு பை கட்டியிருப்பார். அதற்குள் மெல்லிய கம்பியில் கோத்த சின்னச் சின்னக் கொடிகள். அரிய செடியைக் கண்டால் இளஞ்சிவப்புக் கொடி. மருந்தடிக்க வேண்டிய களைக்கு நீலக் கொடி. இந்த இரண்டும் எல்லாக் குழுக்களிலும் இருக்கிற வழக்கம். மஞ்சள் கொடி அக்கா தானாகக் கொண்டுவந்தது. எங்களில் யாராவது பிழைவிட்டால், விட்ட இடத்தில் அதைக் குத்துவார். குத்திவிட்டுத் தன் கொப்பியில் எழுதுவார்.

ஏதோ எங்களை மட்டும் பிடித்துக் கொடுக்கிற ஆள் என்று நினைக்கவேண்டாம். நான் சேர்ந்த கிழமையிலேயே அவருடைய சப்பாத்து ஒரு லில்லிச் செடியின் மேல் பட்டுவிட்டது. குந்தியிருந்து இலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மஞ்சள் கொடியைக் குத்தினார்.

"ஒருத்தரும் பாக்கேல்லையே அக்கா" என்றேன்.

"நான் பாத்தனான்தானே அண்ணை."

இப்படியும் ஒரு ஆளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் நான்.

அவருடைய இந்தக் குணம் சாப்பாட்டு வேளையிலும் விடாது. குழுவுக்கெல்லாம் ஒருநாள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியின் மூடியைத் திறக்கமுதலே, "உப்புக் கூடிப் போச்சு. என்ர பிழை. போனில கதைச்சுக்கொண்டு இரண்டு தரம் போட்டிட்டன்" என்று அறிவித்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் நாங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டிருப்போம். வியட்நாம்காரர் எழுந்து போய் அவருடைய பையிலிருந்து ஒரு மஞ்சள் கொடியை எடுத்து வந்து சோற்றின் நடுவே குத்தினார். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மேய்ந்த கங்காருக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அறுகம்புல் கதையையும் சொல்லவேண்டும். வேலி ஓரமாக அது படர்ந்திருந்தது. நமக்குத்தான் அது அறுகம்புல், அந்தப் புல்வெளியில் அது களை. மருந்தடிக்கிற பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. முதுகில் மருந்துத் தாங்கியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளையாருக்குச் சாத்துகிற புல்லின் மேல் எப்படி நஞ்சடிப்பது?

"தெரியும் அண்ணை. எனக்கும் கை வரேல்லை" என்றார் அக்கா.

நாங்களாக இருந்தால் பேசாமல் கிண்டி எடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோயிருப்போம். அல்லது கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்போம். அக்கா புல்வெளிக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் போன் எடுத்தார். அவர் உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எப்போது பார்த்தாலும் தலையில் ஒரே கிழிந்த தொப்பி. எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் புல்லுக்கு மருந்தடிக்க மனம் வரவில்லை, இது எங்கள் சாமியின் புல், கையால் வேரோடு கிண்டி வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். அதிகாரி வந்து யானைத்தலைச் சாமியின் கதையை நின்று கேட்டார். சாமிக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டார். எழுத்தில் அனுமதி தந்தார். மூன்று மூட்டை கோயிலுக்குப் போயிற்று. நாலாவது மூட்டையோடு போனபோது ஐயர் கும்பிட்டு, "காணும் தம்பி, பிள்ளையாருக்கு வயிறு நிறைஞ்சிட்டுது" என்றார்.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு மத்தியானம் தெரிந்தது. சண்டை முடிந்த பிறகு வன்னியில் அவர் மிதிவெடி எடுக்கிற வேலை செய்தவர். ஒரு ஆள் அகலத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் முழங்காலில் நின்று, சாண் சாணாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு முன்னுக்குப் போகவேண்டும். ஒருநாள் வேலை முடிகிற நேரம் ஒரு சாண் நிலத்தைப் பார்க்காமல் தாண்டிவிட்டேனோ என்று அவருக்கு ஐமிச்சம் வந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் சொன்னார். சொன்னதால் அந்தப் பாதை முழுவதையும் குழு திரும்பவும் பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று நாள், கொளுத்துகிற வெயிலில். கூட வேலை செய்த பெண்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"மூண்டாம் நாள் ஒண்டு கிடந்தது. சவர்க்காரப் பெட்டி அளவுதான்" என்றார்.

"அதுக்குப் பிறகு அவை கதைச்சவையோ?"

"கதைக்கேல்லை. ஆனா தங்கட சோத்தில எனக்கும் போட்டவை."

இதைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். நானும் ஒரு கதை கேட்டேன் என்பதோடு விட்டுவிட்டேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அது இளவேனில் காலம். முட்செடிகளை வேரோடு எடுக்கச் சொல்லி எனக்கு ஒரு மூலையைத் தந்திருந்தார்கள். ஊரில் வயலில் நெல் அருவி வெட்டும்போது ஒருமுறை புடையன் பாம்பு கடித்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். காலுக்குப் பக்கத்தில் புல் அசைந்தது. சாம்பல் நிறத்தில் கோடு போட்ட உடம்பு ஒன்று நெளிந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கைதான் யோசித்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன்.

அது கீச்சென்று கத்தியது. பாம்பு கத்துமா?

அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். ஓடி வரவில்லை, வழக்கம்போல ஒவ்வொரு அடியாகப் பார்த்துத்தான் வந்தார். குந்தியிருந்து இரண்டு துண்டையும் பார்த்தார்.

"காதைப் பாருங்கோ அண்ணை. பாம்புக்குக் காது ஓட்டை இருக்காது."

கண்ணுக்குப் பின்னால் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருந்தது.

"இது பல்லி. கால் இல்லாத பல்லி. முதல் நாள் படம் காட்டினவைதானே?"

காட்டினார்கள். ஒரு அறையில் கதிரையில் இருத்தி ஒரு மணித்தியாலம் படம் போட்டு விளக்கினார்கள். கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, விளங்கியது என்று கையெழுத்தும் போட்டேன். அகதிகளாகப் படகில் வந்த எங்களுக்கு இது ஒரு பழக்கம். ஆங்கிலத்தில் யார் என்ன சொன்னாலும் முதலில் தலை ஆடிவிடும். விளங்கவில்லை என்று சொன்னால் வேலை தரமாட்டார்களோ என்ற பயம்.

அந்தப் பல்லியைக் கொல்வது குற்றம் என்பது மட்டும் எப்படியோ எனக்கு ஏறியிருந்தது. தடுப்பு முகாமிலிருந்து எங்களை வெளியே விடும்போது இன்னொரு கடுதாசியிலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சட்டத்தை மீறினால் விசா போகலாம், திரும்பவும் முகாமுக்குள் போடலாம். என் மனைவியும் மகளும் கிளிநொச்சியில் இருந்தார்கள். நான் படகேறும்போது மகளுக்கு மூன்று வயது. எப்படியாவது அவர்களை இங்கே எடுத்துவிடவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு வாழ்க்கை இருக்கவில்லை.

"அக்கா, மண்ணுக்குள்ள தாட்டு விடுவம். ஒருத்தரும் காணேல்லை" என்றேன்.

"நான் கண்டிட்டன் அண்ணை."

"ஒரு பல்லிக்காக என்ர பிள்ளையை நான் பாக்காமல் சாகவோ?"

"எனக்கும் அதே விசாதான். நானும் அதே கடுதாசியிலதான் கையெழுத்துப் போட்டனான்."

சொல்லிக்கொண்டே மஞ்சள் கொடியை எடுத்துப் பல்லிக்குப் பக்கத்தில் குத்தினார். பிறகு தன் போனில் அதிகாரியின் இலக்கத்தை அழுத்தி என் கையில் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்கோ."

"எனக்கு இங்கிலீஷ் வராது அக்கா. நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே தலைவர்."

"மாட்டன்."

அக்கா யாருக்கும் மாட்டன் என்று சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. போனுக்குள் அதிகாரியின் குரல் "ஹலோ, ஹலோ" என்றது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஐ கில் லிசர்ட்" என்றேன். "நோ லெக் லிசர்ட். ஐ திங்க் ஸ்னேக். வெரி சாரி."

எங்கேயும் போகவேண்டாம், தான் வருவதாக அதிகாரி சொன்னார். அரை மணித்தியாலத்தில் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்று அந்த இரண்டு துண்டையும் நெடுநேரம் பார்த்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகளை ஒரு பைக்குள் போட்டு இடத்தைக் குறித்துக்கொண்டார். அக்காவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு கிழமை, பதினாலு நாள். வாசலில் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், குடிவரவுக்காரர் வந்துவிட்டார்கள் என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். மனைவியிடம் வேலை இல்லை என்று சொல்லவில்லை. போனில் மகள் "அப்பா, இண்டைக்குக் கங்காரு பாத்தனீங்களோ?" என்று கேட்டால், பார்த்தேன் என்று பொய் சொன்னேன். பயத்தைவிடக் கோபம்தான் எனக்குத் தெம்பு தந்தது. தன் விசாவைக் காப்பாற்றிக்கொள்ள என் வாயாலேயே என்னை மாட்ட வைத்தாளே என்று மனதுக்குள் அக்காவை ஒருமையில் திட்டிக்கொண்டு இருந்தேன். அவர் போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. ஒரு பின்னேரம் வாசலில் ஒரு பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. புட்டைச் சாப்பிட்டேன். கோபம் கோபமாகவே இருந்தது. பெட்டியைக் கழுவி வியட்நாம்காரரிடம் கொடுத்து அனுப்பினேன்.

கடிதம் வந்தது. எச்சரிக்கை மட்டும்தான். திரும்ப வேலைக்கு வரலாம், ஆனால் முதல் நாள் பயிற்சியை மறுபடி எடுக்கவேண்டும், இந்தமுறை தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு. அந்தப் பல்லி அதுவரை புல்வெளியின் நடுவே ஓடும் ஓடைக்கு அப்பால்தான் கண்ணில் பட்டிருந்ததாம், இந்த மூலையில் இருப்பது யாருக்கும் தெரியாதாம். அடுத்த மாதம் அந்த மூலையைக் கிண்டி ஒரு தண்ணீர்க் குழாய் போட இருந்தார்கள். அதைத் தெருவோரமாகத் திருப்பிவிட்டார்கள். மூலையில் கூரை ஓடுகளை வரிசையாகப் பரப்பினார்கள். வெயில் ஏறினால் பல்லிகள் ஓட்டுக்கு அடியில் வந்து படுக்கும், மெல்லத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஓடு தூக்குகிற வேலைக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. முழங்காலில் நின்று, விரலால் நாலு பக்கமும் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட்டைத் தூக்குவதைப் பார்த்தால், வன்னியில் எப்படி நின்றிருப்பார் என்று தெரியும். அப்படித் தெரிந்தும் நான் அவரோடு கதைக்கவில்லை. வேலைக்குத் தேவையான நாலு வார்த்தை, அவ்வளவுதான்.

அடுத்த மாரியில் அவருடைய தங்கை பிள்ளைகளோடு தனித்துப்போனாள் என்று அக்கா அடிலெய்டுக்குப் போனார். கடைசி நாள் எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள். நான் வானுக்குப் பின்னால் நின்று மருந்துத் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டு அங்கே வந்தார்.

"போட்டு வாறன் அண்ணை."

"ம்" என்றேன். தாங்கி அப்போதே பளபளவென்று இருந்தது. இன்னொரு தரம் கழுவினேன்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறாள், நான் தலையாட்டாமல் விளங்கவில்லை என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அக்காவின் இடத்தில் இன்றைக்கு நான் குழுத் தலைவர். போன மாதம் அந்தக் கிழிந்த தொப்பி அதிகாரி ஓய்வுபெற்றார். அலுமாரியை வெறுமையாக்கும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். "இது உன்னிடம் இருக்கவேண்டியது" என்றார்.

பல்லி செத்த அன்றைக்கு அக்கா நிரப்பிய படிவம் அது. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். நான் தமிழில் சொல்கிறேன். யார் கொன்றது என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கொஞ்சமும் மறைக்கவில்லை. கீழே இப்படி எழுதியிருந்தார்: "இந்த மனிதர் தன் வாயால் தானே உங்களுக்குச் சொன்னார். ஒளிக்கவில்லை. அவருக்குப் பிள்ளை இருக்கிறது. தயவுசெய்து வேலையிலிருந்து எடுக்கவேண்டாம். முதல் நாள் படம் அவருக்கு விளங்கியதா என்று தலைவரான நான் பார்க்காமல் விட்டேன். எனக்கும் ஒரு மஞ்சள் கொடி."

உன்னை வேலையில் வைத்திருக்கச் சொல்லி நான் வாதாடியது இந்தத் தாளை வைத்துத்தான் என்றார் அதிகாரி.

வானுக்குள் போய் இருந்து அழுதேன். அக்கா அன்றைக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தால், "இவர் கொன்றார், நான் கண்டுபிடித்தேன்" என்றுதான் எழுதியிருக்க முடியும். பொய் எழுத அந்தக் கைக்கு வராது. எனக்குச் சாதகமாக எழுத ஒரு உண்மை வேண்டும் என்றுதான் போனை என் கையில் வைத்து, மாட்டன் என்று நின்றிருக்கிறார். அதை விளங்கிக்கொள்ளாமல் அந்த மனுசிக்கு ஒரு "போட்டு வாங்கோ" கூடச் சொல்லாமல் நின்றவன் நான்.

அவருடைய இலக்கம் வியட்நாம்காரரிடம் இருந்தது. ஒவ்வொரு புது வருடத்துக்கும் அவர் அக்காவுக்குப் போன் எடுத்துக் கதைப்பாராம், இரண்டு பேருக்கும் பாதிதான் விளங்குமாம். அந்த இலக்கத்துக்கு நானும் எடுத்தேன்.

"ஆரு?"

"அண்ணை கதைக்கிறன் அக்கா."

"ஐயோ அண்ணை! பிள்ளை வந்திட்டாளோ?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

வந்துவிட்டாள் என்றேன். அவருடைய விசா பற்றிக் கேட்டேன். "இன்னும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுறதுதான் அண்ணை" என்றார். எனக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை.

"அக்கா, பல்லி செத்த அண்டைக்கு நீங்கள் எழுதின படிவத்தைப் பாத்தனான். உங்களோட கதைக்காமல் விட்டது என்ர பிழை. இத்தனை வருஷமாப் பிழை."

"உங்கட கோவம் நிலைக்காது எண்டு எனக்கு அப்பவே தெரியும் அண்ணை. புட்டுப் பெட்டி கழுவி வந்ததுதானே."

சிரித்தார். பிறகு, அதைப் பற்றிக் கதைத்து முடிந்தது என்பதுபோல, "இந்த முறை ஓட்டுக்குக் கீழ பல்லி வந்ததோ?" என்று கேட்டார்.

"மூண்டு. அதே மூலையில."

"எழுதினியளோ?"

"எழுதினனான். ஒண்டுக்கு வால் அறுந்து போச்சுது அக்கா. ஓட்டைத் திருப்பி வைக்கேக்க நான் நசிச்சுப் போட்டன்."

"அதையும்?"

"அதையும் எழுதினனான். கொடியும் குத்தினனான்."

"அப்ப சரி அண்ணை" என்றார் அக்கா.